கேரெட் கவுண்டியின் அரசுத் தொடக்கப் பள்ளிகள்: எதை வைத்து ஒப்பிடுவது?

இளவேனில் (ஏப்ரல் 2023)

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் வரும் ஜூன் மாதத்தில் மருத்துவ ரெசிடென்சி பயிற்சியை முடிக்கிறார். பயிற்சி முடிந்ததும் நாடு திரும்ப வேண்டிய ஜே-1 விசாவில் வந்தவர் என்பதால், அமெரிக்காவிலேயே தொடர்ந்து இருக்க வழி செய்யும் கான்ராட் 30 திட்டத்தின்படி மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதி ஒன்றில் மூன்றாண்டுகள் முழுநேரமாகப் பணியாற்ற வேண்டும். மேரிலாந்து மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள கேரெட் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), ஓக்லண்ட் ஊரில் அவருக்கு வேலை உறுதியாகிவிட்டது.

மகள் இந்த ஆகஸ்டில் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். மகனை, முதல் வகுப்புக்கு முந்தைய கிண்டர்கார்டனில் சேர்க்க எண்ணுகிறோம். அவனுக்குப் பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. வீடு தேடும் இணையதளங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே பள்ளியின் மதிப்பெண் பத்துக்கு இத்தனை என்று வருகிறது. ஒரே கவுண்டிக்குள், பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே, அந்த எண்கள் மிகவும் வேறுபடுகின்றன. மாநில அரசு வெளியிடும் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்தால் வரிசை மாறுகிறது. சில பள்ளிகளுக்கு அட்டவணையின் பல கட்டங்களில் எண்ணே இல்லை. வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தே அரசுப் பள்ளி அமையும் என்பதால், எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வீடு பார்ப்பது என்று எங்களால் முடிவு செய்ய இயலவில்லை. மூன்றாண்டு என்பது என் மகளுக்கு மீதமுள்ள தொடக்கப் பள்ளிக் காலத்தில் பெரும்பகுதி. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறிஞ்சிநாதன்

வாருங்கள், அம்மா. மேற்கு மேரிலாந்தில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நிர்வாகத்தைப் புரிந்துகொள்வது நல்லது. மேரிலாந்தில் 23 கவுண்டிகளும் பால்டிமோர் நகரமும் சேர்ந்து 24 பள்ளி நிர்வாகங்கள்தான் உள்ளன. வடக்கே எல்லையைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குள் போனால், ஒரே கவுண்டி பல பள்ளி மாவட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனியாகச் சொத்து வரி விதித்துத் தனியாக ஆசிரியர் சம்பளத்தை நிர்ணயிக்கும். அங்கே எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது பெரிய விஷயம். கேரெட்டில் எந்தப் பள்ளியை எடுத்தாலும், நிர்வாகத் தலைவரான கண்காணிப்பாளர் ஒருவரே. சம்பள அட்டவணையும் பாடத்திட்டமும் பள்ளி நாட்காட்டியும் ஒன்றே. ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியவை ஆசிரியர்கள், தலைமையாசிரியர், பள்ளியின் அளவு, வீட்டிலிருந்து அதன் தொலைவு ஆகியவை மட்டுமே.

இரண்டாவது, நிலம். 2020 கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 28,806. பரப்பிலோ மாநிலத்தின் மிகப் பெரிய கவுண்டிகளுள் ஒன்று. தெற்கே ஓக்லண்டை ஒட்டி பிராட் ஃபோர்டு, யாக் கிளேட்ஸ் ஆகிய இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. அருகிலேயே கிரெல்லினும் ஸ்வான் மெடோவும் மிகச் சிறியவை. வடக்கே ஆக்ஸிடென்ட், ஃப்ரெண்ட்ஸ்வில், கிராண்ட்ஸ்வில், ரூட் 40 ஆகியவை உள்ளன. வடக்குப் பிள்ளைகள் பின்னர் நார்தர்ன் உயர்நிலைப் பள்ளிக்கும் தெற்குப் பிள்ளைகள் சதர்ன் உயர்நிலைப் பள்ளிக்கும் போவார்கள். நடுவில் டீப் கிரீக் ஏரி.

அந்த ஏரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்குள்ள பள்ளிகளின் நிதி நிலைமை அதைச் சுற்றியே இருக்கிறது. ஏரிக்கரை வீடுகளில் பல, வாஷிங்டன், பிட்ஸ்பர்க் பக்கத்தவர்களின் விடுமுறை வீடுகள். அவற்றின் மதிப்பால் கவுண்டியின் சொத்து மதிப்பு தாளில் மிக உயர்ந்து நிற்கிறது. மாநில அரசின் கல்வி நிதிச் சூத்திரம் கவுண்டியின் செல்வத்தைப் பார்த்துத் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் மரம் வெட்டுபவர்களும் பால் பண்ணை வைத்திருப்பவர்களும் விடுதிகளில் வேலை செய்பவர்களும்தான். இதனுடன் மாணவர் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் சரிந்து வருவதால், தலைக்கு இவ்வளவு என்று வரும் பணமும் குறைகிறது. 2010-களின் தொடக்கத்தில் கிட்ஸ்மில்லர், டென்னெட் ரோடு ஆகிய தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டதன் பின்னணி இதுதான். இந்த நெருக்கடி தீர்ந்துவிடவில்லை. எனவே ஒரு சின்னஞ்சிறு பள்ளியை நம்பி அதன் எல்லைக்குள் வீடு எடுப்பதற்கு முன்னால், கல்விக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். அவை பொதுவில் கிடைக்கின்றன. பள்ளிகளை மூடி மற்றவற்றோடு இணைக்கும் பேச்சில் எந்தப் பள்ளியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

எண்ணாளன்

நான் புள்ளியியல் துறையில் இருப்பவன். சகோதரி இளவேனில் கேட்டதில் ஒரு பகுதிக்கு, அந்த எண்கள் ஏன் அப்படிக் குதிக்கின்றன என்பதற்கு, விடை கூற முடியும்.

மேரிலாந்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் எம்கேப் என்ற மாநிலத் தேர்வு நடக்கிறது. நான்கு நிலைகள், மூன்றாம் நிலையும் நான்காம் நிலையும் தேர்ச்சி எனக் கொள்ளப்படும். ஒரு சிறு பள்ளியின் மூன்றாம் வகுப்பில் 16 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு பிள்ளையின் முடிவு மாறினால் தேர்ச்சி விழுக்காடு 6.25 புள்ளி மாறும். கவுண்டியின் எல்லாப் பள்ளிகளும் முற்றிலும் சமமாகக் கற்பிக்கின்றன, ஒவ்வொரு பிள்ளையும் தேர்ச்சி பெறும் வாய்ப்பு சரிபாதி என்று கொண்டால்கூட, 16 பேர் உள்ள வகுப்பின் விழுக்காடு பெரும்பாலான ஆண்டுகளில் 25-க்கும் 75-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். பள்ளி எதையும் மாற்றாமலேயே ஓராண்டில் கவுண்டியின் சிறந்த பள்ளியாகவும் மறு ஆண்டில் மோசமான பள்ளியாகவும் தோன்ற இது போதும்.

மூன்றாண்டுகளைச் சேர்த்துப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளின் மூன்றாண்டு முடிவுகளைச் சேர்த்தால் வகுப்புக்கு 16 பேர் வீதம் 144 முடிவுகள் கிடைக்கும். ஆனால் அவை 144 பிள்ளைகளுடையவை அல்ல. ஒரே பிள்ளை அடுத்த ஆண்டும் எழுதுகிறது. உண்மையில் அங்கே இருப்பவை ஐந்து வகுப்புத் தொகுதிகள், அதாவது 80 பிள்ளைகள். 80 பேர் என்றாலும்கூட, தற்செயலால் மட்டுமே விழுக்காடு இரு பக்கமும் ஏறத்தாழ 11 புள்ளி விலகலாம். அதைவிடக் குறைந்த வேறுபாட்டை இரண்டு பள்ளிகளுக்கு இடையே கண்டால், அதன் மேல் ஒரு வீட்டு ஒப்பந்தத்தைக் கட்ட வேண்டாம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் ஆகிய பொருளியலாளர்கள் வட கரோலினாவின் பள்ளித் தரவுகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட கட்டுரையில், தரவரிசையின் உச்சியிலும் அடியிலும் சிறு பள்ளிகளே மிகுதியாக இருப்பதைக் காட்டினார்கள். பரிசு பெறுவதும் தண்டனை பெறுவதும் பெரும்பாலும் சிறு பள்ளிகள்.

எண்ணே இல்லாத கட்டங்களுக்கும் காரணம் இதுதான். பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவை, பிள்ளைகளின் அந்தரங்கம் கருதி, மாநிலம் வெளியிடுவதில்லை. நட்சத்திர வரிசை மாறுவதற்குக் காரணம் வேறு: அதில் தேர்ச்சி விழுக்காடு ஒரு பங்கு மட்டுமே. முந்தைய ஆண்டைவிடப் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள், பள்ளி நாட்களில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பவையும் அதில் சேரும். 180 நாளில் 18 நாள் வராவிட்டால் ஒரு பிள்ளை அந்தப் பட்டியலுக்குப் போய்விடும்.

பாரிவேள்

நண்பர் எண்ணாளனின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கைக் கேட்கும் பெற்றோர், மதிப்பெண்களைப் பார்க்கவே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறேன். கிராமப்புறப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் ஒரு பரிவுக்குள் போய்விடுகிறோம்: ஊர் நல்ல ஊர், மக்கள் அன்பானவர்கள், வகுப்பு சிறியது என்று. மூன்றாம் வகுப்பு முடியும்போது சரளமாக வாசிக்க முடியாத பிள்ளைக்கு அந்த அன்பு பின்னாளில் அறிவியல் பாடத்தைப் படித்துக் கொடுக்காது.

மிசிசிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழ்மையும் கிராமமும் நிறைந்த மாநிலம். 2013-ல் வாசிப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்க இயலாதவர்களை மேலே அனுப்பாமல் நிறுத்தி, அதற்கு முன்பாகவே எழுத்துகளை ஒலித்துச் சேர்த்துப் படிக்கக் கற்பிக்கும் ஒலிமுறை வாசிப்பில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பினார்கள். தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-ல் அம்மாநிலத்தின் சராசரி 209. நாட்டின் அரசுப் பள்ளிகளின் சராசரி 221. 2022-ல் மிசிசிப்பி 217, நாடு 216. எண்களை உற்றுப் பார்த்து, அவை தாழ்ந்திருப்பதை ஏற்றுக்கொண்டவர்களால் மட்டுமே இது முடிந்தது. பள்ளி சிறியது, ஆகவே எண் நம்பத்தகாதது என்று ஒவ்வொரு பள்ளியும் சொல்லியிருந்தால் எதுவும் நடந்திருக்காது.

ஆகவே என் ஆலோசனை: பொதுவில் வெளியாகும் எண் போதாது என்றால் பள்ளியிடமே வேறு எண்ணைக் கேளுங்கள். மேரிலாந்தில் 2019-ல் நிறைவேறிய வாசிப்பு ஆயத்தச் சட்டத்தின்படி, கிண்டர்கார்டன் பிள்ளைகளிடம் வாசிப்புச் சிக்கலுக்கான முன்சோதனை நடத்தியாக வேண்டும். செப்டம்பரில் எத்தனை பேர் பின்தங்கியிருந்தார்கள், மே மாதத்தில் எத்தனை பேர் மீண்டார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம். பெயர் சொல்லாமல் பொதுவாகச் சொல்ல அவரால் முடியும்.

எண்ணாளன்

மிசிசிப்பி உதாரணம் என் கருத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒரு மாநிலம், அல்லது நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உள்ள ஒரு கவுண்டி முழுவதும் என்று பார்த்தால் எண் பேசும். கேரெட் கவுண்டி ஒட்டுமொத்தமாக வாசிப்பில் எப்படி இருக்கிறது, மாநிலச் சராசரியை நோக்கி நகர்கிறதா விலகுகிறதா என்பதை அறிக்கையில் தாராளமாகப் பாருங்கள். அதே கவுண்டிக்குள் 16 பேர் வகுப்பையும் 18 பேர் வகுப்பையும் வரிசைப்படுத்தி, ஒன்று எட்டு, மற்றொன்று நான்கு என்று முத்திரை குத்துவதைத்தான் தவறு என்கிறேன். கிண்டர்கார்டன் முன்சோதனையைக் கேட்கச் சொன்னது மிக நல்ல யோசனை. அந்த எண்ணைவிட, அதற்குத் தலைமையாசிரியர் சொல்லும் விடையில் அதிகம் தெரியும்.

வெண்ணிலா

எல்லைக்கு அப்பால், மேற்கு வர்ஜீனியாவின் ஒரு கிராமப்புறத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியும் வகுப்புக்கு ஒரே பிரிவு கொண்டது.

சிறு வகுப்பின் நன்மைக்குச் சான்று இருக்கிறது. டென்னசியில் 1985 முதல் 1989 வரை, கிண்டர்கார்டன் தொடங்கி மூன்றாம் வகுப்பு வரை, பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புகளையும் 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புகளையும் ஒப்பிட்டார்கள். சிறு வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் நன்மை இன்னும் கூடுதலாக இருந்தது. ஆனால் சிறு வகுப்பு வேறு, சிறு பள்ளி வேறு. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை.

சிறு பள்ளியில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இரண்டாம் வகுப்புக்கு ஓர் ஆசிரியர்தான். அவர் சிறந்தவராக இருந்தால் உங்கள் மகளின் நல்வாய்ப்பு. அவர் தளர்ந்தவராகவோ அந்த ஆண்டு நோயுற்றவராகவோ இருந்தால், பக்கத்து அறைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கப் பக்கத்து அறையே கிடையாது. அதே பதினான்கு பிள்ளைகள் கிண்டர்கார்டனிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகவே போவார்கள். அவர்களுக்குள் நட்பு ஆழமாக இருக்கும். புதிதாக நடுவில் வந்து சேரும் பெண் குழந்தைக்கு, வகுப்பில் உள்ள ஐந்தாறு பெண்களும் ஏற்கெனவே இணை சேர்ந்துவிட்டிருந்தால், மூன்றாண்டும் தனிமையாகக் கழியக்கூடும். இசை, ஓவியம், உடற்பயிற்சி ஆசிரியர்கள் பல பள்ளிகளுக்குப் பொதுவாக இருப்பார்கள். செவிலியர் எல்லா நாளும் இருக்கிறாரா என்பதைக்கூடக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணிக்கை மிகக் குறைந்தால் இரண்டு வகுப்புகளை ஒரே ஆசிரியரிடம் சேர்த்துவிடுவார்கள். அது தீமை என்று சொல்ல மாட்டேன், பழகிய ஆசிரியர் அதை அழகாக நடத்துவார், ஆனால் அதற்கென்று பழகியவராக இருக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. கிரெல்லின் பள்ளியைப் பற்றி ஆசிரியர் வட்டத்தில் நாங்கள் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். பழைய நிலக்கரி ஊர். பள்ளிக்கு அருகே விளையாடிய பிள்ளைகளின் காலணிகளில் ஆரஞ்சு நிறச் சேறு ஒட்டிக்கொண்டிருந்தது ஏன் என்ற கேள்வியில் தொடங்கி, கைவிடப்பட்ட சுரங்கக் கழிவிலிருந்து வடியும் அமில நீரைப் பற்றிப் படித்து, அந்த இடத்தைச் சீராக்கும் வேலையில் பிள்ளைகளே பங்கேற்றார்கள். அந்த நிலமே அவர்களுடைய அறிவியல் வகுப்பறையாகிவிட்டது. ஒரு பெரிய புறநகர்ப் பள்ளியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வது மிகக் கடினம். தேர்வு விழுக்காட்டில் இது எந்தக் கட்டத்திலும் தென்படாது.

நேரில் போகும்போது தலைமையாசிரியரின் அறையில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். முதல் வகுப்பில் வாசிப்பு நேரம் எப்போது என்று கேட்டு, அந்த நேரத்தில் பத்து நிமிடம் பின்னால் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். தெரியாத சொல் வரும்போது, படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல் என்கிறாரா, எழுத்துகளை ஒலித்துச் சேர்த்துப் படி என்கிறாரா என்று கவனியுங்கள். ஒலித்துச் சேர்க்கக் கற்பிப்பது பலன் தருகிறது என்று நாட்டின் வாசிப்பு ஆய்வுக் குழு 2000-ல் அறிக்கை தந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், ஊகிக்கச் சொல்லும் முறை பல அறைகளில் உயிரோடு இருக்கிறது. அடுத்து, கிண்டர்கார்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்கள் அந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கிராமப்புறத்தில் ஆசிரியர் நிலைத்திருக்கும் பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஆள் மாறும் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு, எந்த மதிப்பெண் வேறுபாட்டைவிடவும் பெரியது. இதை அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறேன்.

நெய்தல்

மகனின் பேச்சுப் பயிற்சியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பென்சில்வேனியாவின் கிராமக் கவுண்டி ஒன்றில் என் மகன், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கென்று வகுக்கப்படும் ஐஇபி என்ற தனிக்கல்வித் திட்டத்தின் கீழ் படித்தான்.

சட்டம் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. நடப்பில் உள்ள ஐஇபியுடன் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், புதிய நிர்வாகம் தன் மதிப்பீட்டை முடித்துப் புதுத் திட்டம் வகுக்கும் வரை, பழையதற்கு இணையான சேவையைத் தர வேண்டும். ஆகவே இப்போதைய பள்ளியிலிருந்து ஐஇபியின் முழுப் பிரதியையும், கடைசி மதிப்பீட்டு அறிக்கையையும் கையோடு வாங்கிக்கொண்டு போங்கள். கோப்பு தானாக வந்து சேரும் என்று காத்திருக்காதீர்கள்.

நடைமுறையில் தொல்லை தரும் விஷயம் வேறு. சிறு பள்ளிகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் தினமும் வருவதில்லை. பள்ளிக்குப் பள்ளி காரில் போய்க்கொண்டிருப்பார். உங்கள் பள்ளிக்கு அவர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறார் என்றால், பனிப்பொழிவால் அந்தச் செவ்வாய் விடுமுறையாகும்போது அந்த வாரத்துப் பயிற்சி போய்விடும். எங்கள் ஊரில் ஒரு குளிர்காலத்தில் இப்படிப் பல அமர்வுகள் விட்டுப்போயின. விட்டுப்போனவற்றை ஈடுசெய்வார்களா என்பதை ஐஇபி கூட்டத்திலேயே கேட்டு எழுத்தில் பெற வேண்டும் என்பதை அந்தக் குளிர்காலம் எங்களுக்குக் கற்பித்தது. கேரெட்டில் ஒரு பருவத்தில் நூறு அங்குலத்துக்கு மேல் பனி பெய்யும் என்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் இந்த மூன்றைக் கேளுங்கள்: பயிற்சியாளர் வாரத்தில் எந்த நாட்களில் வருகிறார், தனியாகவா குழுவாகவா, பனி நாளில் விட்டுப்போனது என்னவாகும்.

குறிஞ்சிநாதன்

பனியைப் பற்றி அம்மா நெய்தல் சொன்னது முழுவதும் உண்மை. கவுண்டி இருப்பது அப்பலாச்சியப் பீடபூமியின் மேல். மாநிலத்தின் மிக உயர்ந்த இடமே இங்குதான், 3,360 அடி. முழு விடுமுறையைவிட அடிக்கடி நிகழ்வது இரண்டு மணி நேரத் தாமதம். அதிகாலையில் கைப்பேசிக்குச் செய்தி வரும். அன்று பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை நவம்பருக்கு முன்பே ஏற்பாடு செய்துவிட வேண்டும். மருத்துவமனைப் பணிக்குத் தாமதமே கிடையாது.

இதனால்தான் பேருந்து நேரத்தைப் பள்ளித் தேர்வின் முதல் வரியில் வைக்கச் சொல்கிறேன். மலைச் சாலையில் பேருந்து வீடு வீடாக நின்று போகும். வரைபடத்தில் பத்து மைல் என்பது, ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காலையில் இருட்டில் ஏறி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக ஆகலாம். வீட்டு முகவரியைச் சொன்னால், ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கவுண்டியின் போக்குவரத்துப் பிரிவில் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்.

வீடு பற்றியும் ஒன்று. ஏரிப் பக்கம் அழகான வீடுகள் நிறைய இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை வாரக் கணக்கில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தருபவை, ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது அரிது. இரவு அழைப்புப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு மருத்துவமனைக்கு அருகே வீடு இருப்பதும் தேவை. அப்படிப் பார்த்தால் ஓக்லண்டையும் அதை ஒட்டிய மவுண்டன் லேக் பார்க்கையும் விட்டுத் தள்ளிப் போக உங்களுக்குக் காரணம் குறைவு.

இளவேனில்

இத்தனை அக்கறையோடு எழுதியிருக்கும் அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் வீடு பார்க்கப் போயிருந்தோம். இரண்டு பள்ளிகளுக்குப் போய் வந்தோம், பெயரைத் தவிர்க்கிறேன். ஒன்று மிகச் சிறியது, மற்றொன்று வகுப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் உள்ளது.

சிறிய பள்ளியில் தலைமையாசிரியரே வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்தார். என் மகளுக்கு அங்கேயே இருந்துவிட ஆசை. பெரிய பள்ளியில் முதல் வகுப்பு வாசிப்பு நேரத்தைப் பின்னால் நின்று பார்க்க விட்டார்கள். ஆசிரியை எழுத்துகளை ஒலித்துச் சேர்க்கச் சொல்லித்தான் கற்பித்தார். தடுமாறிய இரண்டு பிள்ளைகளை மட்டும் வேறொருவர் பக்கத்து மேசைக்கு அழைத்துப்போய் அதே பாடத்தை மீண்டும் செய்தார். கிண்டர்கார்டன் முன்சோதனையைப் பற்றிக் கேட்டபோது, தலைமையாசிரியர் தயங்காமல் இந்த ஆண்டு எத்தனை பேர் பின்தங்கியிருந்தார்கள், எந்தத் திறனில், என்ன செய்கிறோம் என்று சொன்னார். பேச்சுப் பயிற்சியாளர் அங்கே வாரத்தில் பெரும்பாலான நாட்கள் இருக்கிறார். சிறிய பள்ளிக்கு ஒரு நாள்தான். மகனை நினைத்து நாங்கள் இரண்டாவது பள்ளியின் பக்கம் சாய்கிறோம். இணையதளத்தில் அதற்கு மற்றதைவிடக் குறைந்த மதிப்பெண் என்பது இன்னும் என் கணவரை உறுத்துகிறது.

இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. எங்களைப் போன்ற தோற்றம் உள்ள பிள்ளை வகுப்பில் வேறு யாரும் இருக்கப் போவதில்லை. அது எப்படி இருக்கும்? மற்றொன்று, மகனுக்கு ஐந்து வயது நிறைவது செப்டம்பர் இரண்டாம் வாரத்தில். அவனைச் சேர்த்துக்கொள்வார்களா?

பாரிவேள்

அந்த மதிப்பெண் உங்கள் கணவரை உறுத்த வேண்டியதில்லை. நான் வலியுறுத்திய கேள்விக்கு ஒரு பள்ளி எண்ணோடும் திட்டத்தோடும் விடை சொல்லியிருக்கிறது. தங்கள் பிள்ளைகளில் யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்பதை அறிந்து, அதை வெளியாரிடம் மறைக்காமல் சொல்லும் பள்ளியில் என் பிள்ளையைத் தயக்கமின்றி விடுவேன்.

குறிஞ்சிநாதன்

முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். கவுண்டியில் மிகப் பெரும்பான்மையோர் வெள்ளையர். உங்கள் மகளைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை அறியும் ஆவலால் வருபவை, சில புண்படுத்தவும் செய்யும். முதல் வாரத்திலேயே ஆசிரியையைச் சந்தித்துப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக் கொடுங்கள். மதிய உணவில் மாட்டிறைச்சி கூடாது என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள். இந்த ஊருக்கு வேறுபட்ட வழக்கங்கள் முற்றிலும் புதியவை அல்ல. ஸ்வான் மெடோ பள்ளியில், எளிய பழைய வாழ்முறையைப் பேணும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ், மென்னோனைட் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குள்ளேயே தங்கள் வாழ்முறையை விடாமல் படிக்கிறார்கள். அதற்கு இடம் கொடுத்துப் பழகிய நிர்வாகம் இது. ஆனாலும் மகளுக்குத் தன்னைப் போன்றவர்களோடு பழகும் வாய்ப்பை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கை அடுத்த பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கு மாதம் ஒரு முறையாவது போய்வரும் குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. பயணம் நீண்டதுதான், பிள்ளைகள் அங்கே தமிழில் பேசி விளையாடுவதைப் பார்த்தால் மறுமுறையும் போகத் தோன்றும்.

வெண்ணிலா

நானும் இதில் ஒன்று சேர்க்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் உள்ள பள்ளி என்பது நடுவில் வந்து சேரும் உங்கள் மகளுக்கும் நல்லது. ஒரு பிரிவில் தோழிகள் அமையாவிட்டால் அடுத்த ஆண்டு பிரிவு மாறும்போது வேறு முகங்கள் கிடைக்கும். பேரன்போடு பெயர் சொல்லி அழைத்த அந்தத் தலைமையாசிரியரை அவள் மறக்க மாட்டாள் என்பது புரிகிறது. இருந்தாலும் உங்கள் முடிவு சரியானது என்றே எண்ணுகிறேன்.

நெய்தல்

இரண்டாவது கேள்வி. மேரிலாந்தில் கிண்டர்கார்டன் சேர, செப்டம்பர் 1-ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தநாள் வரும் பிள்ளைகளை, பெற்றோர் விண்ணப்பித்தால், மதிப்பீடு செய்து முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள ஒவ்வொரு கவுண்டியும் ஒரு விதிமுறை வைத்திருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் உண்டு. நீங்கள் குடிபெயரும் முன்பே அது கடந்துவிடக்கூடும் என்பதால் இந்த வாரமே கவுண்டிக் கல்வி அலுவலகத்தை அழையுங்கள்.

ஆனால் ஓராண்டு பொறுத்தால் பேச்சுப் பயிற்சி நின்றுவிடுமோ என்ற பயத்தில் விண்ணப்பிக்காதீர்கள். தனிக்கல்விச் சட்டத்தின் சேவை மூன்று வயதிலிருந்தே உண்டு. கிண்டர்கார்டனில் சேராவிட்டாலும் உங்கள் மகனுக்கு அது தொடர வேண்டும். 2021-ல் வந்த மேரிலாந்தின் கல்விச் சீர்திருத்தச் சட்டமும் நான்கு வயதினருக்கான முன்பள்ளியை விரிவாக்கி வருகிறது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு அதில் முன்னுரிமை இருக்கிறது. ஆகவே அழைக்கும்போது மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்: முன்கூட்டிய சேர்க்கைக்கு எப்படி விண்ணப்பிப்பது, முன்பள்ளியில் இடம் உண்டா, இரண்டில் எதுவானாலும் பயிற்சி எந்தக் கட்டடத்தில் நடக்கும். மகளின் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்று, தடுப்பூசிப் பதிவு, குடியிருப்புச் சான்று ஆகியவை வேண்டும். வீட்டு ஒப்பந்தம் இன்னும் கையில் இல்லை என்றால், தற்காலிகமாக எதை ஏற்பார்கள் என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.